செட்டிநாட்டு மண்ணைத் தோண்டுகிறவர்களும் கேள்வி கேட்கிறவர்களும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலை எனக்கு. சுண்ணாம்பு எங்கே வாங்கலாம், மணலுக்கு என்ன வழி என்று பேச வருகிறவர்கள், எழுந்து போவதற்குள் இன்னொன்றையும் கேட்பார்கள். ஊர் ஓரத்தில் கிராவல் அள்ளுகிறார்களே, பாறையை வெடி வைத்து உடைக்கிறார்களே, சிவகங்கையில் கிராஃபைட் எடுக்கிறார்களாமே, அதெல்லாம் என்ன கணக்கு என்று. முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வருகிற சென்னை, சிங்கப்பூர்க்காரர்கள் கேட்பதும் இதையேதான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. நிலக்கரி, இரும்பு, தாமிரம் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அவற்றுக்கு நம் பக்கம் சுரங்கம் கிடையாது.

செட்டிநாட்டில் சுரங்கமா? நாங்கள் பார்த்ததே இல்லையே?

சுரங்கம் என்றால் விளக்குத் தொப்பி போட்டுக்கொண்டு பூமிக்குள் இறங்குவது என்று நினைத்தால் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே இருப்பதெல்லாம் திறந்தவெளிக் குழிகள். நாம் அதைக் குவாரி என்போம்; சட்டம் அதையும் சுரங்கக் கணக்கில்தான் வைக்கிறது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் நகரத்தார் ஊர்கள் 76. இந்த வட்டாரத்து மண்ணுக்கு மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கண்மாய் வண்டலும் செம்மண்ணும். அதற்குக் கீழே பல இடங்களில் செம்புராங்கல் என்கிற துளைத்துளையான சிவப்புக் கல்லும் அதன் உதிரியான கிராவலும். அடியில் கருங்கல் பாறை. அந்தப் பாறை பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் திருமயத்திலும் தலையைத் தூக்கி நிற்கிறது. அங்கே நம் முன்னோர் குடைந்து கோயில் செய்தார்கள். மற்ற இடங்களில் ஜல்லியாகப் போய்க்கொண்டிருக்கிறது. இவற்றோடு சேராத தனிச் சரக்கு ஒன்று, சிவகங்கைப் பக்கத்துக் கிராஃபைட்.

அந்தக் கிராஃபைட் என்பது என்ன? பென்சிலில் இருப்பதுதானே?

அதேதான். கரியும் வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பன். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. கிராஃபைட்டில் தாள் தாளாக அடுக்கியிருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். காகிதத்தில் பென்சில் எழுதுவது அப்படித்தான்: ஒரு தாள் நழுவிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது.

சிவகங்கைக்கு வெளியே, குழியிலிருந்து வந்த கல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பார்வைக்குச் சாதாரணச் சாம்பல் நிறக் கல். வெயிலில் திருப்பினால் செதில் செதிலாக மின்னும், மீன் செதிலை ஒட்டவைத்த மாதிரி. கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தால் விரல் கறுத்து வழவழவென்று ஆகிவிடும். சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் இருப்பது சீக்கிரம் போகாது. அன்று சாயங்காலம் காப்பி டம்ளரில் என் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

இது செதில் வகைக் கிராஃபைட். தமிழ்நாடு கனிம நிறுவனம், நாம் டாமின் என்று சொல்லும் அரசு நிறுவனம், இதை வெட்டியெடுக்கிறது. கல்லில் சராசரியாக 14 சதவீதம் அளவுக்குத்தான் கார்பன். நூறு கிலோ கல்லைத் தூக்கினால் எண்பத்தாறு கிலோ வேண்டாத சரக்கு. அதனால் கல்லை அப்படியே விற்க முடியாது, பிரித்தாக வேண்டும்.

பிரிக்கிற விதம் நம் ஆச்சிமார்கள் மோரில் வெண்ணெய் திரட்டுவதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். கல்லை நொறுக்கி, ஆலையில் நீரோடு சேர்த்து மாவாக அரைத்து, தொட்டியில் ஊற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல், நுரைக்காகப் பைன் எண்ணெய் விட்டு, கீழிருந்து காற்றை ஊதுவார்கள். கிராஃபைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. அது காற்றுக் குமிழியில் ஏறிக்கொண்டு மேலே நுரையாகத் திரளும். மண்ணும் குவார்ட்சும் அடியில் தங்கும். நுரையை வழித்து உலர்த்தினால் கறுப்புத் தூள். அரைப்பதில் அவசரப்பட்டால் செதில் உடைந்துபோகும். பெரிய செதிலுக்குத்தான் விலை அதிகம் என்பதால் அரைத்துப் பிரித்து, மறுபடி அரைத்துப் பிரித்து என்று பல சுற்று ஓட்டுவார்கள்.

பென்சிலுக்குப் போவது கொஞ்சம்தான். உருக்காலைகளில் உலையின் உட்சுவருக்கான செங்கல், உலோகம் உருக்கும் மூசை, பிரேக் கட்டை, மசகு, இப்போது பேட்டரி. இவைதான் பெரிய வாடிக்கை.

பூமிக்குள் அது எப்படி வந்தது?

50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், கடலடிச் சேற்றில் புதைந்த உயிர்ப்பொருள்களின் கார்பன், மலைகள் எழும்பும் அளவுக்கு வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து செதிலானது. அப்போது தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். அதனால்தான் இலங்கையிலும் கிராஃபைட் உண்டு. அங்கே போகலா, கஹட்டகஹ என்கிற ஊர்களின் சுரங்கங்களில் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடுகிறது, சுத்தமும் அதிகம். பிளம்பாகோ என்ற பெயரில் அது கொழும்பிலிருந்து கப்பல் ஏறிய காலத்தில் நம்மவர்கள் அங்கே கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போயிருந்தார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே அதன் பங்காளி படுத்திருந்தது எத்தனை பேருக்குத் தெரிந்ததோ.

பேட்டரிக்கு வேண்டும் என்கிறார்களே, அப்படியானால் சிவகங்கைக்கு யோகமா?

யோகம் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்ப்பு என்று சொல்லலாம். லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்வாய் பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. மின்சாரக் கார் பேட்டரி ஒன்றில் லித்தியத்தைவிடக் கிராஃபைட்டின் எடை பல மடங்கு அதிகம். உலகச் சந்தை சீனாவின் கையில். அந்த நாடு 2023 டிசம்பர் 1 முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயம் என்று ஆக்கியபோதுதான் மற்ற நாடுகள் துள்ளி எழுந்தன. அதே 2023ல் இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலிலும் கிராஃபைட் இருக்கிறது.

ஆனால் நுரையில் வழித்த தூளை நேராகப் பேட்டரியில் போட முடியாது. செதிலை உருட்டி உருண்டையாக்க வேண்டும், 99.95 சதவீதம் சுத்தம் வேண்டும். அதற்குக் கடும் அமிலமோ, மிக உயர்ந்த வெப்பமோ தேவை. உருட்டும்போதே சரக்கில் பெரும்பகுதி தூளாகக் கழிந்துவிடும். குழி இருப்பதால் மட்டும் பேட்டரி வந்துவிடாது என்பதற்கு இது போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வேதியியலை ஆராயும் இடமும் நம்மிடமே இருக்கிறது. காரைக்குடி செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்தது. 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கல்லூரிச் சாலையில் தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் "ஏதோ ஆராய்ச்சி" என்பார்கள்.

எங்கள் புஞ்சையில் மின்னுகிற கல் கிடக்கிறது. நாங்களே தோண்டி விற்கலாமா?

முதலில், மின்னுவதெல்லாம் கிராஃபைட் இல்லை. பெரும்பாலும் அது மைக்கா. விரலில் கறுப்பு ஒட்டாமல் மினுக்கு மட்டும் ஒட்டினால் ஆசையை விட்டுவிடுங்கள்.

கிராஃபைட்டாகவே இருந்தாலும், பட்டா உங்கள் பெயரில் இருப்பது வேறு, தோண்டும் உரிமை வேறு. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி குத்தகை ஆணை இல்லாமல் எடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், வண்டியும் பறிமுதல். நம் பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு கதை உண்டு. சிவகங்கை ஜமீனாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீனை அரசுக்கு மாற்றியபோது, கண்மாய், புறம்போக்கு, காடு இவற்றோடு "சுரங்கங்களும் கனிமங்களும் குவாரிகளும்" என்று பெயர் சொல்லியே எழுதி எடுத்துக்கொண்டது. "எங்க ஐயா காலத்துப் பத்திரத்தில் அடிமண் உரிமை இருக்கிறது" என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

2023ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கிராஃபைட் போன்ற முக்கியக் கனிமங்களின் புதிய நிலத்தை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு. அந்த ஏலம் எப்படி நடக்கும், ஊர் எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை மாவட்டம் மேலூர் அரிட்டாபட்டி பக்கத்து உதாரணம்: டங்ஸ்டனுக்கு 2024 நவம்பரில் ஏலத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஊர்கள் திரண்டு நின்றதில் 2025 ஜனவரி 23ல் ஏலத்தையே ரத்து செய்தார்கள்.

சவுடு, கிராவல், வண்டல், செம்மண்: எல்லாம் மண்தானே? ஏன் இத்தனை பெயர்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். தரையில் கிடப்பது ஒன்றாக இருக்கும், காகிதத்தில் அதற்கு எழுதும் பெயர் இன்னொன்றாக இருக்கும். எவ்வளவு தொகை கட்ட வேண்டும், யார் அனுமதி தர வேண்டும், எவ்வளவு ஆழம் போகலாம் என்பதெல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தது.

வண்டல் என்பது கண்மாய்க்குள் நீர் கொண்டுவந்து படியவைத்த மெல்லிய மண். கிராவல் என்பது செம்புராங்கல் உதிர்ந்த கல்லும் மண்ணும் கலந்த சிவப்புச் சரக்கு. சாலைக்கும் மேடு நிரப்பவும் போடுவது. செம்மண் எல்லாருக்கும் தெரியும். சவுடு? அங்கேதான் வில்லங்கம். ஊருக்கு ஊர் வேறு பொருள். சிலருக்கு உவர் மண், சிலருக்கு மணல் கலந்த மண், வீடு கட்டுகிறவருக்குப் பள்ளம் நிரப்பும் எதுவும் சவுடு. இந்தக் குழப்பத்தைப் பிடித்துக்கொண்டு, சவுடு என்று அனுமதி வாங்கி அடியில் இருந்த ஆற்று மணலை அள்ளினார்கள். வழக்குகள் குவிந்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 பிப்ரவரி 12ல் சொன்னது சுருக்கமாக இதுதான்: மண்ணில் என்ன என்ன கலந்திருக்கிறது என்று ஆய்வறிக்கை பார்க்காமல், இப்படிப் பேச்சுவழக்குப் பெயரை வைத்து இனி அனுமதி தரக்கூடாது.

பெயர் அரசாங்கத்தின் கையிலும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 2015 பிப்ரவரியில் 31 கனிமங்களை முதன்மைக் கனிமப் பட்டியலிலிருந்து சிறு கனிமத்துக்கு இறக்கினார்கள்: செம்புராங்கல், சுக்கான்கல், மைக்கா, குவார்ட்ஸ் எல்லாம் அதில் உண்டு. சிறு கனிமம் என்றால் விதி எழுதுவது மாநிலம். நமக்கு 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள். பத்து ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில் மைக்கா, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பேரைட்ஸ் நான்கையும் திரும்பவும் மேலே ஏற்றினார்கள். கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

என் சொந்த அனுபவமும் ஒன்று. எங்கள் வயலை ஒட்டிய நிலத்தை ஒருவர் கிராவலுக்குக் குத்தகை எடுத்தார். ஆணையில் 2 மீட்டர் ஆழம். நான்கு மாதத்தில் ஹிட்டாச்சி தலை மட்டும் தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தது. கேட்டால் "மேல் மண்ணைச் சேர்க்காமல் அளக்கணும்ணே" என்றார். மேல் மண் எங்கே என்றால் அதுவும் செங்கல் சூளைக்குப் போயிருந்தது. இன்றும் ஐப்பசி மழைக்கு எங்கள் வரப்பு அந்தப் பக்கம்தான் சரிகிறது.

விவசாயத்துக்கு வண்டல் எடுக்கவும் இத்தனை பாடா?

இல்லை, இது எளிது. கட்டணமும் கிடையாது. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60. கோடையில் கண்மாய் வற்றியதும் விண்ணப்பித்துவிடுங்கள். மானாமதுரைப் பானைக்கும் கடத்துக்கும் மண் இப்படிக் கண்மாயிலிருந்து வருவதுதான்.

செம்புராங்கல் இப்போதும் கிடைக்குமா? ஊருணிப் படி பெயர்ந்துவிட்டது.

கிடைக்கும், ஆனால் தேடணும். நம் ஊருணிகள் பலவற்றில் படியும் சுற்றுச்சுவரும் இந்தக் கல்தான். தரையிலிருந்து எடுத்த புதிதில் கோடாரியால் செதுக்கலாம், அவ்வளவு மெது. காற்றும் வெயிலும் பட்டுப் பட்டு இறுகும். எங்கள் ஊர் ஊருணியில் மூன்றாம் படியில் உளி போன தடம் சாய்வாக, வரிசையாக, நேற்று வெட்டிய மாதிரி இருக்கிறது; இன்று அதன்மேல் உளி வைத்தால் உளிதான் மழுங்கும். உள்ளே இரும்பு ஆக்சைடு இருப்பதால் சிவப்பு. தேன்கூடு போலத் துளைகள். இதைப் புத்தகத்தில் லேட்டரைட் என்பார்கள். 1807ல் புக்கானன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்துவிட்டு, செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை வைத்துப் பெயரிட்டது. பெயர் வைக்கத்தான் அவர். நம் கொத்தனார்கள் அதற்கு முன்பே வெட்டிக் கட்டிவிட்டார்கள்.

என் யோசனை: புதுக் கல் தேடுவதற்கு முன், இடித்த பழைய மதில்களில் கேளுங்கள். இறுகிய கல் அங்கேதான் இருக்கிறது. படியின் இடுக்குக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். கல் மூச்சுவிடும், சிமெண்ட் விடாது. நான்கு மழையில் கல்லின் முகமே உரிந்து வரும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு மண் எடுக்கிறார்களாமே, அதற்கும் சுரங்கமா?

பெரிய குழி ஒன்றும் இல்லை. ஊர்ப் பக்கத்து மணல், சிமெண்ட், வண்ணப்பொடி, அவ்வளவுதான். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கூழை இடம் இடமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, காய்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்துவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு நிழல். சூளையே கிடையாது. கண்ணாடி தானாகக் கழன்று வரும்போது கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே தங்கியிருக்கும். இந்த மாவட்டத்து மண்ணில் செய்யும் வேலைகளில் குழிக்கும் கூலிக்கும் உள்ள விகிதம் ஆகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து.

சுவர்ப் பூச்சுக்கான சுண்ணாம்பு? செட்டிநாடு சிமெண்ட் இங்கேதானே தயாராகிறது?

இல்லை. அந்த ஆலைகள் கரூர் அருகே புலியூரிலும் திண்டுக்கல் மாவட்டத்துக் கரிக்காலியிலும் அரியலூரிலும் இருக்கின்றன, சுண்ணாம்புக்கல் எங்கே இருக்கிறதோ அங்கே. பெயர் மட்டும் நம்முடையது. பழைய வீடுகளின் முட்டைப் பூச்சுக்குக் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பைப் பயன்படுத்தினார்கள். அதோடு கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு. தோண்டாமல் பொறுக்கியெடுத்த கனிமம் என்று அதைச் சொல்லலாம்.

குவாரியில் வெடி வைக்கும்போது எங்கள் வீடு அதிர்கிறது. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், விரிசல். என்ன செய்ய?

அவசரப்பட்டுக் குவாரிமேல் பழி போட வேண்டாம் என்பது முதல் பேச்சு. நான் ஏறிப் பார்த்த விரிசல்களில் சரிபாதி ஓட்டுக் கூரை ஒழுகி மரச்சட்டம் உளுத்ததாலோ, சுவரில் முளைத்த அரசங்கன்றாலோ வந்தவை. வருஷத்துக்கு ஒருமுறை பூட்டைத் திறக்கும் வீட்டில் இது சகஜம்.

சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் ஒட்டுங்கள். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். உடைந்த நாளும் குவாரி வெடித்த நாளும் ஒத்துப்போகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மழை நாளையும் குறியுங்கள். மூன்று மாத நோட்டு இருந்தால் எந்த அலுவலகத்திலும் உங்களை உட்காரச் சொல்வார்கள்.

இனி எண். வெடி அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997ல் வரம்பு விதித்திருக்கிறது. தரையின் அதிர்வு வேகத்தை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். மெதுவான அதிர்வாக இருந்தால், அதாவது 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடுத்தவர் குடியிருக்கும் சாதாரண வீட்டுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர் வரை. வரலாற்றுச் சிறப்புள்ள, நொய்ந்த கட்டடத்துக்கு 2 மட்டுமே. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தவை. உங்கள் வீடு நூறு வயதான சுண்ணாம்புச் சுவர். மனுவில் "எங்கள் வீடு" என்று மட்டும் எழுதினால் உங்கள் தலையில் 5 விழும். "இத்தனை ஆண்டுப் பழமையான பாரம்பரியக் கட்டடம்" என்று எழுதி 2ஐக் கேளுங்கள், சீஸ்மோகிராஃப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

குவாரிக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்?

கல் குவாரி என்றால் குடியிருப்பிலிருந்து 300 மீட்டர். ரயில் பாதை, நெடுஞ்சாலை, நீர்த்தேக்கம், வாய்க்காலிலிருந்து 50 மீட்டர். பக்கத்துப் பட்டா நிலத்தின் எல்லையில் 7.5 மீட்டர் தொடாமல் விட வேண்டும். பறவைகள் சரணாலயம் இருந்தால் 1 கிலோமீட்டர். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி அப்படி ஒன்று. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் நாரைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை.

மல்லாக்கோட்டையில் நடந்தது என்ன?

2025 மே 20. சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டைக் கல்குவாரியில் பாறை சரிந்து, அடியில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். உள்ளூர்க்காரர்களோடு ஒடிசாவிலிருந்து வந்தவரும் உண்டு.

குவாரித் திட்டம் எதை எடுத்துப் பார்த்தாலும் படிக்கட்டு வரைந்திருக்கும்: பொதுவாக 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம், அப்படியே இறங்கிக்கொண்டே போக வேண்டும். மேலே ஒரு பாளம் பெயர்ந்தாலும் அடுத்த படியில் தங்கும், ஆள் தலையில் விழாது. ஆனால் படி விட்டால் அந்த அளவுக் கல் உள்ளேயே நின்றுவிடும், விற்க முடியாது. அதனால் நேர்ச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். நீங்கள் சாலையில் போகும்போதே பார்க்கலாம்: குழியின் சுவரில் படி தெரிகிறதா, மதில் போல நிற்கிறதா. மதில் போல நின்றால் அதன் அடியில் இருக்கிறவர்களுக்காக ஒரு மனு எழுதிப் போடுங்கள்.

கிரஷர் தூசியால் நுரையீரலுக்குக் கேடா?

வேலை செய்கிறவர்களுக்கு நிச்சயம். கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிகோசிஸ் என்று பெயர். வந்தால் போகாது. ஈரமாகத் துளையிடுவதும் நீர் தெளிப்பதும்தான் தடுப்பு, கைக்குட்டை கட்டுவது இல்லை. கிராமத்து மருத்துவமனையில் பல சமயம் காசநோய் என்று எழுதிவிடுகிறார்கள். குவாரியில் எத்தனை வருஷம் வேலை என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கிரானைட்டும் கருங்கல்லும் ஒன்றா?

பாறையாக ஒன்றாக இருக்கலாம். பாளம் பாளமாக அறுத்து மெருகேற்றினால் கிரானைட், வேறு விதி, வேறு கட்டணம். உடைத்து ஜல்லியாக்கினால் சாதாரணக் கல். சவுடுக் கதையேதான், விலைதான் பெரிது.

எங்கள் ஊர்க் கல் போகிறது. ஊருக்கு என்ன வருகிறது?

குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் உரிமத் தொகையின்மேல் (ராயல்டி என்பார்களே, அதுதான்) ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகும். 2015க்குப் பின் வந்த ஏற்பாடு. குடிநீர், பள்ளி, மருத்துவம் என்று பாதிக்கப்பட்ட ஊர்களுக்குத்தான் அது செலவாக வேண்டும். ஊராட்சி கேட்டுத் தீர்மானம் போடாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். இது தவிர, 2024 ஜூலை 25ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, உரிமத் தொகை என்பது வரி அல்ல, மாநிலம் தனியே வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. அதை வைத்துத் தமிழ்நாடு 2025 ஏப்ரல் முதல் கனிம நில வரி வசூலிக்கிறது. ஜல்லி விலை ஏறியதென்று உங்கள் கொத்தனார் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

போடுவதும் விடுவதும் உங்கள் பாடு. போடுவதற்கு முன் நான்கு காகிதத்தை வாங்கிப் பாருங்கள்: ஆட்சியர் தந்த குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு. எவ்வளவு சின்னக் குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 500 மீட்டருக்குள் வேறு குவாரிகளும் இருந்து மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால், ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கனிமவள உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கூடவே பக்கத்துக் குவாரிகளுக்குக் கொடுத்த நடைச்சீட்டு, அதாவது லோடு வெளியே போக அனுமதிக்கும் சீட்டு, எண்ணிக்கையையும் கேளுங்கள். சீட்டில் எத்தனை லோடு, குழியில் எத்தனை யூனிட் என்று ஒத்துப் பார்க்கலாம். ஒரு யூனிட் 100 கன அடி.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். கனிமத்தின் பெயர், ஆழம், குழியை மூடுவது யார் பொறுப்பு. "மண் மற்றும் இதர" என்று எழுதியிருந்தால் அந்த "இதர"வை அடிக்கச் சொல்லுங்கள்.